ஆய்வறிக்கையில் பதினொரு பேர்

வங்கியில் கடனைப் புதுப்பிக்கப் போனபோதுதான் இன்சூரன்ஸ் பேச்சு வந்தது. முட்டைத் தட்டு செய்யும் என் ஷெட்டுக்கு அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. புதுச்சத்திரத்தைத் தாண்டி, சேலம் நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்தடத்தில், சோளக்காட்டின் ஓரமாக இருந்த வாடகை ஷெட் அது. பழைய பேப்பரைத் தொட்டியில் ஊறப்போட்டு, அரைத்துக் கூழாக்கி, அச்சில் எடுத்து, விறகு போட்டுச் சூடேற்றிய அறையில் உலர்த்தினால் முப்பது முட்டை உட்காரும் தட்டு வரும். சுற்றிலும் கோழிப்பண்ணைகள் இருக்கிற ஊரில் இந்தத் தொழிலுக்கு ஓய்வே கிடையாது.

என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது இருப்பார். ஷெட்டைப் பார்த்துக்கொள்வது நான். என்னிடம் பத்துப் பேர் வேலை செய்தார்கள். ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். இந்தப் பத்து என்ற எண்ணை நான் யோசித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

வங்கியில் சொல்லி அனுப்பிய ஏஜென்ட் நாமக்கல்லிலிருந்து வந்தார். ஷெட்டின் முன்பக்கம் பிளைவுட் வைத்துத் தடுத்த சின்ன அறைதான் என் ஆபீஸ். மேஜையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கினார்.

"தீக்கு எடுத்தே ஆகோணுங்க அக்கா. அது பேங்க்குல கேக்கறது. புயல், வெள்ளம், காத்துல ஷீட்டு பறக்கறது, அது ஒண்ணு. மிஷினு உடைஞ்சா ஒண்ணு. வேலைக்கு வர்றவங்களுக்கு அடிபட்டா ஒண்ணு. அப்புறமேட்டு வெளியாளுக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க."

"வெளியாளுன்னா?"

"லாரிக்காரரு, பேப்பர் கொண்டாறவரு. உங்க ஆளும் இல்லீங்க, ஆனா உங்க எடத்துக்குள்ள நிக்கறாரு. அங்க ஏதோ ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உங்க தலையிலதானுங்க வந்து விழும்."

அவர் போன பிறகு அந்தத் தாளோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், மண் சரிவு என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது என் மனதுக்குள் ஷெட் ஒரு தடவை அழிந்துவிட்டுத் திரும்ப வந்தது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவர்கள் எல்லோரும் என்னென்ன விதமாகச் சாகலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "தீக்கும் காத்துக்கும் எடு, போதும். நாலு வருசத்துல ஒரு தீப்பொறி வந்திருக்குதா?" என்றார். சரி என்று அந்த இரண்டை மட்டும் டிக் செய்தேன். கடைசிப் பக்கத்தில், இந்த இடத்தில் இதற்கு முன் தீ விபத்து ஏதும் நடந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் இடத்தைப் பார்வையிட ஆய்வாளர் ஒருவர் சேலத்திலிருந்து வந்தார். அவர் வந்த நேரம் நான் இல்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே பண்ணைகளுக்கு ஆர்டர் பேசப் போவது என் வழக்கம். ஷெட்டிலேயே மூத்த அக்கா ஒருத்தர், உலர்ந்த தட்டுகளை அடுக்குகிறவர், எல்லாவற்றையும் சுற்றிக் காட்டியிருந்தார். "வந்தாருங்க, பார்த்தாருங்க, போட்டோ புடிச்சாருங்க, போயிட்டாருங்க" என்று சாயங்காலம் சொன்னார். வழக்கமாக யார் வந்தாலும் அவர்கள் சட்டையின் நிறம் வரைக்கும் சொல்கிறவர், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலைந்து நாளில் ஏஜென்ட் அந்த அறிக்கையை என் போனுக்கு அனுப்பினார். விவரம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீளம், அகலம், கூரை, மின்சார இணைப்பு எல்லாம் சரியாக இருந்தது. ஆய்வின்போது உள்ளே இருந்த நபர்கள் என்ற இடத்தில் பதினொன்று என்று இருந்தது. பெண்கள் எட்டு, ஆண்கள் மூன்று.

எண்ணும்போது தப்பியிருப்பார் என்று நினைத்து ஆய்வாளருக்குப் போன் செய்தேன்.

"சார், எங்ககிட்ட பத்துப் பேருதான். ஒண்ணு கூடப் போட்டுட்டீங்க."

"இல்லைம்மா, ரெண்டு தடவை எண்ணினேன்" என்றார். பதமாகப் பேசுகிற, வயதான குரல். "அந்தச் சூடு அறைக்குப் பின்னாடி, மூலையில ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க இல்ல? அவங்களைச் சேர்த்துப் பதினொண்ணு."

"மூலையிலயா?"

"ஆமா. குத்த வச்சு உட்கார்ந்து, ரெண்டு கையையும் தரையில ஊனி வச்சிருந்தாங்க. என்னம்மா வேலை உங்களுக்குன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காது கேட்காதவங்களோன்னு விட்டுட்டேன்."

அந்த மூலையில் வேலையே கிடையாது. சூடு அறையின் பின்சுவருக்கும் ஷெட்டின் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து, அதன் கடைசியில் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். நான் அங்கே போய் மாதக் கணக்காகியிருக்கும். போட்டோ இருந்தால் அனுப்புங்கள் சார் என்று மட்டும் சொன்னேன்.

அனுப்பினார். பத்துப் பதினைந்து படங்களில் ஒன்று அந்தச் சந்தின் வாயில் எடுத்தது. என்னுடைய ஆட்கள் பத்துப் பேரும் அதில் இருந்தார்கள். தோளோடு தோள் உரச, ஒரே வரிசையாக, சந்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. தொட்டியில் வேலை செய்கிறவர்கள் கை கூடத் துடைக்காமல் வந்து நின்றிருந்தார்கள், முழங்கை வரை கூழ் காய்ந்து வெளுத்திருந்தது. போட்டோ என்றாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிற இரண்டு பேர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு புடவைகளுக்கு நடுவே, பின்னால், தரையில், செருப்பில்லாத ஒரு பாதம் தெரிந்தது. அது நிற்கிறவர்களின் பாதம் இல்லை. அவர்கள் பாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு ஆபீசர் வந்தப்ப உள்ள வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லீங்க்கா. நாங்க பத்துப் பேருதானுங்க."

அச்சு மிஷின் பக்கத்திலிருந்தும், தொட்டிப் பக்கத்திலிருந்தும், நான் கேட்காமலேயே இரண்டு மூன்று குரல்கள் வந்தன. "பத்துப் பேருதானுங்க்கா." அந்த இரைச்சலில் நான் கேட்டது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்று புரியவில்லை.

சந்துக்குள் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மற்ற இடமெல்லாம் பேப்பர்த் தூசு வெள்ளையாகப் படிந்திருக்க, அந்த மூலையில் மட்டும் தரை துடைத்து வைத்தது போலக் கறுத்துப் பளபளத்தது. சுவரில் நான் குடிவந்தபோது அடித்திருந்த வெள்ளையை மீறி, ஆளுயரத்துக்கு மேல் பழுப்புக் கறை ஊறி வெளியே வந்திருந்தது. மழை ஈரம் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீசில் வேலை இருப்பது போல உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணிக்கு மிஷின் நின்றது. எப்போதும் ஷெட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிச் சிரித்துச் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இடையிடையே தலையைத் தூக்கிச் சோளக்காட்டுப் பக்கம் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு டீக்காரர் கேனோடு வந்தார். வழக்கமாக அந்த நேரம் நான் இருக்க மாட்டேன். சுவர்த் திட்டில் காகிதக் கப்பை வரிசையாக வைத்து ஊற்றினார். எனக்கு அவர் இன்னும் ஊற்றவில்லை. ஆனாலும் பதினொரு கப் இருந்தது.

"பத்துப் பேருக்குப் பதினொரு கப்பு எதுக்குங்க?" என்றேன்.

டீக்காரர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "எப்பவுமே பதினொண்ணுதானுங்களே" என்றார்.

மூத்த அக்கா எழுந்து வந்து அந்தக் கடைசிக் கப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேய் பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை நான். நாலு வருடமாக என் கையால் பூட்டித் திறக்கிற இடத்தில் எனக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது, அதை என்னைத் தவிர எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கே, மோகனூர் வரை போகிறேன், பொழுது சாயத்தான் வருவேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரோட்டு வரைக்கும் போய், வண்டியை ஒரு பஞ்சர் கடையில் விட்டுவிட்டு, ஒன்றேகால் மணிக்குச் சோளக்காட்டு வரப்பில் நடந்து ஷெட்டின் பின்பக்கம் வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. காற்று இல்லை. கரண்ட் வேறு போயிருந்தது போல, தூரத்துத் தோட்டத்து மோட்டார்ச் சத்தம் கூட இல்லை. பின்சுவரில் ஒரு இடத்தில் செங்கல் பெயர்ந்து, தகரத்தை வைத்து மறைத்திருந்தார்கள். அந்தத் தகரம் நகர்ந்து கிடந்தது.

குனிந்து உள்ளே நுழைந்தேன். வெளிச்சத்திலிருந்து வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சூடு அறைச் சுவரின் அனல் மட்டும் முகத்தில் அடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. எனக்கு மூன்றடி தூரத்தில் ஒரு அம்மா குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். சாயம் போன சேலை. இரண்டு உள்ளங்கையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்தில் ஒரு முட்டைத் தட்டின் மேல் இலையை வைத்து, அதில் பலபேர் சோறு கலந்து கிடந்தது. சோளச் சோறு, புளிச் சோறு, தயிர்ச் சோறு.

அவர் என்னைப் பார்த்தார். பயப்படவில்லை, எழவும் இல்லை.

"கையை வெச்சுப் பாருங்க சாமி" என்றார்.

ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, உட்கார்ந்து தரையில் கையை வைத்தேன். சுட்டது.

"உள்ள இன்னும் கங்கு கெடக்குது. பஞ்சு அப்படித்தானுங்க. மேல அணைஞ்சாப்புல இருக்கும், உள்ளாற நின்னு எரியும்."

"எந்தப் பஞ்சுங்க?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "முழுசா அணையட்டும், அப்பறம் உள்ள உடறோம்னு சொல்லியிருக்கறாங்க" என்றார். "அதுதான் பார்த்துட்டு இருக்கறேன்."

சந்தின் அந்த முனையில் மூத்த அக்கா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அக்கா உள்ளே வந்து அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "சாப்புடுங்க, சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

புங்கமரத்தடியில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் எடுப்பதற்கு முந்தின வருடம் வரை அந்த ஷெட்டில் வேறொருவர் கழிவுப் பஞ்சு வைத்திருந்தார். ஒரு மத்தியானம் பஞ்சு பற்றிக்கொண்டது. ஓடி வர முடிந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பின்மூலையில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பத்தொன்பது வயது, வரவில்லை. அவளுடைய அம்மாதான் உள்ளே இருக்கிறவர். அன்றைக்குத் தீயணைப்பு வண்டி வந்து மேலே அணைத்தும் பஞ்சு உள்ளுக்குள் இரண்டு நாள் புகைந்திருக்கிறது. அது வரைக்கும் யாரையும் உள்ளே விடவில்லை. அந்த அம்மா இரண்டு நாளும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அணையட்டும், விடுகிறோம் என்று யாரோ சொன்னார்களாம். பிறகு எடுத்ததைச் சாக்கில் கட்டி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மாவுக்குக் காட்டவே இல்லை.

"ஷெட்டுக்காரருக்கு இன்சூரன்சுல பணம் வந்துச்சுங்க. புது ஷீட்டு போட்டாரு, வெள்ளை அடிச்சாரு" என்றார் அக்கா. "கட்டடத்துக்குத்தான் போட்டிருந்தாங்களாம். ஆளுக்கு ஒண்ணும் போடலீங்க."

நான் வாடகைக்குப் பார்க்க வந்த அன்று, கூரை புதிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க சூடு அறை கட்டுனதுக்கு அப்புறமேட்டுத்தானுங்க இந்தம்மா வர ஆரம்பிச்சது. எப்படியோ உள்ள வந்து தரையைத் தொட்டுப் பார்த்துருச்சு. சுட்டுச்சு. அதுல இருந்து தெனமும் மத்தியானம் வருதுங்க. ரெண்டு மணி நேரம் இருக்கும், டீ குடிச்சுட்டுப் போயிரும். மத்த நேரமெல்லாம் காட்டு வேலைக்குப் போவுது, சோறாக்குது, நல்லாத்தான் பேசுது. உங்ககிட்டச் சொன்னா தொரத்திருவீங்கன்னு நாங்க சொல்லலீங்க."

துரத்தியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஷெட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன். ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்கிறவர். தீ விபத்தைப் பற்றிக் கேட்டேன், அதை விண்ணப்பத்தில் எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"அது முடிஞ்சு போன சமாச்சாரமுங்க. அதைப் போயி எதுக்கு எழுதறீங்க? இல்லைன்னே இருக்கட்டும். எவன் வந்து கேக்கப் போறான்?"

"நான் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறேனுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பொய் சொல்லி எடுத்ததுன்னு தள்ளிருவாங்க."

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கோங்க."

"இப்பத் தெரிஞ்சு போச்சுங்களே" என்றேன்.

ஏஜென்டை வரச்சொல்லி, இல்லை என்று எழுதிய இடத்தைத் திருத்தி ஆம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆள் இறந்ததையும் எழுதினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இதை எழுதினீங்கன்னா மறுபடி ஆள் வருவாங்க, ஏதாச்சும் கண்டிசன் போடுவாங்க" என்றார். அப்படியே ஆயிற்று. அதே ஆய்வாளர் இன்னொரு தடவை வந்து, இந்த முறை நான் கூட நிற்க, தரை, சுவர், கூரைக் கம்பி எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார். பழைய கம்பிகள் அனலில் வளைந்திருப்பதைக் காட்டினார். அத்தனை நாளும் நான் அண்ணாந்து பார்த்த கம்பிகள்தான். காட்டிய பிறகுதான் அவை வளைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அவரிடம் பதினோராவது ஆள் யார் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அப்படியே எழுதித்தான் ஆகணும்மா" என்றார்.

எழுதினார். சூடு அறைக்கு அருகில் வேலையாள் அல்லாத எவரும் இருக்கக்கூடாது, இருந்தால் பாலிசி செல்லாது. தீயணைப்பான் வைக்க வேண்டும், மின்கம்பிகளை மாற்ற வேண்டும் என்பதோடு இதுவும் ஒரு நிபந்தனையாக வந்தது. ஏஜென்ட் சொன்ன வழி சுலபமானது. பின்சுவர் ஓட்டையை அடைத்துவிட வேண்டியது, நாலு செங்கல் வேலை. வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மேஸ்திரியை வரவும் சொல்லிவிட்டேன். அவர் வந்து ஓட்டையை அளந்துகொண்டிருந்தபோது, என்னுடைய பெண்கள் ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். இது நடக்கும் என்று முன்பே தெரிந்தவர்கள் போலப் பார்த்தார்கள்.

மேஸ்திரியிடம் ஓட்டையை விடுங்கள், சூடு அறையை இடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். எனக்கே அந்த நிமிடம்தான் அது தோன்றியது. அந்த அம்மா அறைக்கு அருகில் இருக்கக்கூடாது, அவ்வளவுதானே நிபந்தனை. அறை தள்ளிப் போகட்டும்.

பத்து நாள் வேலை நின்றது. ரோட்டுப் பக்கத்து முனையில், ஷெட்டுக்கு வெளியே தனியாகப் புது அறை கட்டினோம். அந்தப் பத்து நாளில்தான் மற்ற பாலிசிகளையும் முடிவு செய்தேன். வேலையாட்களுக்கு ஒன்று. வெளியாட்களுக்கு ஒன்று. வேலையாட்களுக்கானதில் பெயரும், ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் கொடுப்பது என்பதும் எழுத வேண்டும். ஒவ்வொருவராக ஆபீசுக்கு வந்து சொன்னார்கள். மகன், அம்மா, தங்கச்சி. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், சொல்லிவிட்டால் நடந்துவிடுமோ என்பது போல. எழுதும்போது எனக்கும் கை கனத்தது.

பழைய அறையை இடித்த பிறகும் இரண்டு நாள் தரையில் சூடு இருந்தது. அந்த அம்மா வழக்கம்போல மத்தியானம் வந்தார். சந்து இல்லை, சூடு அறைச் சுவர் இல்லை, எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்து கிடந்த அந்த மூலையில் உட்கார்ந்து கையை ஊன்றினார். சுற்றி நடந்த இடிபாடு எதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் கையை வைத்தார். எடுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். புறங்கையால் தொட்டார். பிறகு குனிந்து கன்னத்தைத் தரையில் வைத்து, அப்படியே வெகுநேரம் கிடந்தார். இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்த எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"அணைஞ்சுருச்சு" என்றார்.

எழுந்து சேலையைத் தட்டி உதறிக்கொண்டார். முந்தானையை இழுத்து ஒழுங்காகப் போர்த்தி, தலைமுடியைக் கையால் ஒதுக்கி முடிந்துகொண்டார். யாரையோ பார்க்கப் போகிறவர் போல இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"எங்க வெச்சிருக்கறாங்க?"

நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் அறையைத் தள்ளிக் கட்டினேன். இந்தக் கேள்வி வரும் என்று நான் ஒரு நொடி கூட நினைக்கவில்லை. அத்தனை வருடம் அந்தச் சூடுதான் இந்தக் கேள்வியை அவரிடம் வராமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதை நான் அணைத்துவிட்டேன்.

மூத்த அக்காதான் வந்து அவர் கையைப் பிடித்தார். "ஊட்டுக்குப் போலாம் வாங்க, நான் சொல்றேன்" என்றார். தடத்தில் இரண்டு பேரும் மெதுவாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா சாயங்காலம் வரை திரும்பவில்லை. என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மா வரவில்லை. பாலிசி வந்தது, கோப்பில் வைத்தேன். பின்சுவர் ஓட்டையை ஆறு மாதம் அப்படியே விட்டிருந்தோம். பிறகு மழைக்கு முன்னால் அடைத்துவிட்டோம்.

போன தை மாதம் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். வண்டி சர்வீசுக்கு விட்டிருந்ததால் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கையில் களைக்கொத்தும் ஒரு ஒயர்க் கூடையுமாக வந்து என் பக்கத்தில் நின்றார். முகம் தெளிவாக, கொஞ்சம் சதை போட்டுக்கூட இருந்தது.

"ராசிபுரம் பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலீங்க."

என்னை நேராகப் பார்த்துத்தான் பேசினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்றார்.

சொன்னேன். மண்தடத்தையும் ஷெட்டையும் கை காட்டிக்கூடச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லீங்க சாமி" என்றார். பஸ் வந்தது. கூடையை முதலில் உள்ளே வைத்துவிட்டு, படியேறி, ஜன்னலோரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தார். பஸ் நகரும்போது, பக்கத்து சீட் காலியாக இருந்தும், யாருக்கோ இடம் விடுகிற மாதிரி அவர் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.